எண்பத்தொன்பதாவது அடி

இரண்டாவது திரையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோதே தவமணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். ஒரு திரையில் நாலு ஆளைப் பார்ப்பதற்கே அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. இப்போது எட்டு.

"ஒண்ணும் பயமில்லக்கா," என்று டீம் லீடர் பிரேம்நாத் ஒரு கறுப்பு ஒயரை லேப்டாப்பின் இடுப்பில் செருகினான். புதுத் திரை நீலமாக விழித்தது. "ரெண்டும் இப்ப ஒரே திரை மாதிரிதான். மவுஸை லேப்டாப்போட வலது ஓரத்துக்குத் தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க. பாத்தீங்களா, இங்க தாண்டி வந்துடுச்சு."

அந்தச் சின்ன அம்பு லேப்டாப்பின் விளிம்பில் மறைந்து பக்கத்துத் திரையில் முளைத்தது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் அது எங்கே இருந்தது என்று தவமணி யோசித்தாள். மூன்று முறை தள்ளிப் பார்த்தாள். இரண்டு முறை அம்பைத் தொலைத்தாள்.

"உங்க நாலு பேரும் லேப்டாப்புலயே இருக்கட்டும். பக்கத்து மேசை நசீமாவோட நாலு பேரை இதுல திறந்து வெச்சிருக்கன். அதோட பிள்ளைக்கு ஜுரம்னு போன் வந்து கிளம்பிடுச்சு. நாலு மணி வரைக்கும்தான்க்கா, ரெண்டு மணி நேரம்."

"சார், நசீமா ஆளுங்கள்ல பதினேழாம் நம்பர் எங்க வீட்டுக்காரர்."

"தெரியும்."

"சொந்தக்காரங்கள ஓட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னன். வேற யாரு இருக்கா, சொல்லுங்க. நான் ஓட்டட்டுமா? ஓசூர்ல ஸ்கூட்டர் ஓட்டியே ரெண்டு தடவை சாக்கடையில விழுந்தவன் நான்." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். அங்கிருந்து பதினாலு கிலோமீட்டரில் கல்குவாரி. பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை திறந்த வெயிலில் ஆளை நிறுத்தி வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்த வருசம்தான் இந்தக் கம்பெனியும் வந்தது. நாற்பத்தொன்பது டிகிரியில் மூன்று பேர் சுருண்டு விழுந்து செத்த பிறகு வந்த சட்டம். விழித்திருக்கும் தொழிலாளிக்குத்தான் அது பொருந்தும் என்று கம்பெனி வக்கீல் வாதாடி ஜெயித்தார். தூங்குகிறவன் தொழிலாளி இல்லை. அவன் உடம்பை வாடகைக்குக் கொடுத்தவன்.

காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு வில்லை. அதை ஒட்டினால் தூக்கம். கை கால்களில் பட்டை பட்டையாக இறுக்கிக் கட்டிய ஒரு சட்டை. சட்டைதான் உடம்பை நடத்தும், குனிய வைக்கும், தூக்க வைக்கும். தலைக்கவசத்தில் ஒரு கேமரா. அந்தக் கேமரா பார்ப்பது இங்கே ஒரு விண்டோவில் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு விண்டோ. முகம் தெரியாது, பேர் தெரியாது, மூலையில் ஒரு நம்பர் மட்டும்.

மெஷினையே விடலாமே என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவமணி கேட்டிருந்தாள். "மெஷின் விழுந்தா மெஷின் வாங்கணும்க்கா," என்றான் பிரேம்நாத். சொல்லிவிட்டு அவனே தலை குனிந்துகொண்டான். கெட்ட பையன் இல்லை.

இப்போது அவன் திரைக்குக் கரண்ட் கொடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். மேசைக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ்.ஸில் மூன்றே துளைகள். ஒன்றில் லேப்டாப், அதன் பேட்டரி உப்பிச் செத்து ஒரு வருசமாகிறது. இன்னொன்றில் இன்டர்நெட் பெட்டி. மூன்றாவதில் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் சிவப்பு பல்பு.

"சாமி விளக்கைக் கழட்டிட்டு இதைச் சொருகலாமே சார்?"

"ஐயய்யோ, எம்.டி. பாத்தா கொன்னுடுவாரு. போன வருசம் கரண்ட் போயி விளக்கு அணைஞ்ச அன்னிக்குத்தான் ரெண்டாவது குவாரி டெண்டர் கைவிட்டுப் போச்சாம். அதை மட்டும் தொடக் கூடாதுன்னு ஆர்டர்." திரையின் ஒயரைச் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் செருகினான். "ரெண்டு மணி நேரந்தான், கரண்ட் எங்க போயிடப் போவுது?"

பிறகு பாடம் நடத்தினான். எட்டு விண்டோவில் எதைச் சுற்றி மஞ்சள் கோடு இருக்கிறதோ, பொத்தான் அமுக்கினால் அந்த ஆளுக்குத்தான் போகும். எந்த விண்டோவைத் தொடுகிறோமோ அதற்கு மஞ்சள் போகும். மேல் அம்புக்குறி அமுக்கினால் ஆள் நேராக நடப்பான். இடது, வலது அமுக்கினால் அந்தப் பக்கம் திரும்பி நடப்பான். கீழே அமுக்கினால் வந்த வழியே திரும்பிப் போவான். அடுத்த உத்தரவு வரும்வரை நடந்துகொண்டே இருப்பான். நிற்க வைக்க வேண்டுமென்றால் மவுஸால் விண்டோவின் அடியில் இருக்கும் சிவப்புக் கட்டத்தைத் தொட வேண்டும்.

"இது எல்லாம் தெரியும் சார்."

"தெரியாததைச் சொல்றன். ரெண்டு திரை இருந்தா சில சமயம் விண்டோ தொலைஞ்சுடும். ஓரத்துல போயி மாட்டிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அப்ப ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு டேபை ஒரு தட்டு தட்டுங்க. கடைசியா எந்த விண்டோவுல இருந்தீங்களோ அதுக்கே மஞ்சள் திரும்பிப் போகும். அப்புறம் ஆல்ட்டோட ஸ்பேஸ் பாரு, அப்புறம் எம். சின்னதா ஒரு பட்டியல் திறக்கும். அதுக்கப்புறம் இடது அம்பை அமுக்கிக்கிட்டே இருந்தா விண்டோ இந்தப் பக்கம் நகர்ந்து வரும்."

"இடது அம்பா? அது ஆளைத் திருப்புற பொத்தானாச்சே."

"அதேதான். பட்டியல் திறந்திருந்தா விண்டோ நகரும். திறக்கலைன்னா ஆள் நகருவான். அதனால பட்டியல் திறந்திருக்கான்னு பாத்துட்டு அமுக்குங்க."

"இதுக்குன்னு தனிப் பொத்தான் கிடையாதா?"

"இருந்துச்சு." விசைப்பலகையில் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்த ஓர் ஓட்டையைக் காட்டினான். "எவனோ அதை அமுக்கிச் சீட்டு விளையாடினான்னு எல்லா லேப்டாப்புலயும் பிடுங்கிட்டாங்க."

நசீமாவின் நாலு பேரும் ஒரே வரிசை என்றும் சொன்னான். பதினேழு முன்னால் போனால் மற்ற மூன்று சட்டைகளும் பத்து அடி இடைவெளியில் அதே தடத்தில் பின்தொடரும். பதினேழை மட்டும் பார்த்தால் போதும்.

"நாலு பேரு உசுரும் அவர் கால்லன்னு சொல்லுங்க."

"உங்க விரல்லன்னு சொல்லுங்கக்கா," என்று சொல்லிவிட்டு அவன் தன் மேசைக்குப் போனான்.

தவமணி வலப்பக்கத் திரையைப் பார்த்தாள். பதினேழாம் நம்பர் விண்டோவில் இரண்டு கைகள் தெரிந்தன. கையுறை போட்ட கைகள், தொங்கிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் அவனுடைய கண் பார்ப்பதை அவள் பார்த்ததில்லை. அவன் முதுகுத் தொட்டியில் அறுபது கிலோ கல் ஏறியிருந்தது. எதிரே நடுச்சுவர்.

அந்தச் சுவரை அவளுக்குத் தெரியும். பதினாறு வயதிலிருந்து இருபத்தெட்டு வயதுவரை அவள் அதன்மேல் கல் சுமந்திருக்கிறாள். இரண்டு குழிக்கு நடுவே வெட்டாமல் விட்ட கற்பாறை, ஆறடி அகலம். வலது பக்கம் பழைய குழி, பச்சைத் தண்ணீர். இடது பக்கம் புதுக் குழி, அடியில் உடைத்துப்போட்ட பாறை. பொக்லைன் இயந்திரம் அதன்மேல் ஏறாது. கல்லைப் பொடிக்கும் கிரஷர் ஓடினால் புழுதி எழும்பி முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால் அந்தக் குவாரியில் யாரும் பார்த்து நடப்பதில்லை, எண்ணி நடப்பார்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கல்லில் ஒன்று என்று தொடங்கினால் தொண்ணூறில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கே கீழே இறங்கும் சரிவு இருக்கிறது. எண்பத்தெட்டில் தொடங்கித் தொண்ணூற்றிரண்டில் முடிகிற வாய், நாலு அடி அகலம். அதற்கு முன் திரும்பினாலும் பள்ளம், திரும்பாமல் போனாலும் பள்ளம்.

தவமணி தொண்ணூறுவரை போனதே இல்லை. எண்பத்தொன்பதிலேயே திரும்பிவிடுவாள். பின்னால் சுமந்து வரும் மாதேசு கத்துவான்: "ஏ பயந்தாங்கொள்ளி, இன்னும் ஒரு அடி பாக்கி வெச்சிருக்கியே, யாருக்கு?" அவளும் விடமாட்டாள்: "உனக்குத்தான் வெச்சிருக்கன், வந்து எடுத்துக்கோ." அந்த ஒரு அடிச் சண்டையில்தான் இருவருக்கும் பழக்கம் ஆரம்பித்தது, கல்யாணத்தில் முடிந்தது.

கம்பெனிக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். பத்தாவது படித்திருந்ததால் அவளுக்கு லேப்டாப், அவனுக்குச் சட்டை. "நீ முழிச்சுச் சம்பாதி, நான் தூங்கிச் சம்பாதிக்கிறன்," என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். வலி கிடையாது, வெயில் உறைக்காது, கண்ணை மூடித் திறந்தால் சாயங்காலம். அவனே சொன்னதுதான்.

சில விசயங்கள்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் அளவாகவே பேசிவந்தவன் இப்போது வேலை விட்டு வந்தால் வாய் ஓயாமல் பேசுகிறான். நாய் குரைத்தது, பேருந்து லேட்டாக வந்தது, ஒன்றையும் விடுவதில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்க்கிறான். ஒருநாள் விளையாட்டாக அவன் கையைப் பிடித்து ஒரு வாய்ச் சோற்றை அவன் வாய்க்கே கொண்டுபோனாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். பகலெல்லாம் தூங்கினவனுக்கு வேறு என்ன செய்யும், உடம்பு அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

தவமணி பதினேழின் விண்டோவைத் தொட்டாள். மஞ்சள் கோடு அதைச் சுற்றியது. மேல் அம்பை அமுக்கினாள்.

மாதேசின் கால்கள் நடந்தன. வெள்ளைக் கல் காலடியில் வந்து பின்னால் போனது. அவள் உதடு தானாக அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. விண்டோவில் படம் அடிக்கு அடி குலுங்கியது. அவன் நடைதான், சட்டை நடத்தினாலும் கால் அவனுடையது. இருபது. கிரஷர் புழுதி எழும்பியது. முப்பது. விண்டோவே பழுப்பாகிவிட்டது. குழியின் விளிம்பு வந்தால் ஆளை நிறுத்துகிற ஒரு கருவி சட்டையில் முதலில் இருந்தது. குழிக்குக் குழி நின்றால் லோடு ஏறாது என்று கழற்றி வைத்துவிட்டார்கள். நாற்பது. நாற்பத்தொன்று.

விசிறி நின்றது.

தலைக்குமேல் டியூப் லைட் அணைந்தது. வலப்பக்கத் திரை கறுத்தது. மத்தியான வெளிச்சத்தில் அவள் முகம் அந்தக் கறுப்பில் தெரிந்தது. லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. இன்டர்நெட் பெட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. சுவரில் முருகன் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தார்.

பதறிப்போய் அவள் மவுஸை இழுத்துத் தட்டினாள். அதுதான் தப்பு. லேப்டாப்பில் இருந்த அவளுடைய ஐந்தாம் நம்பர் ஆளைச் சுற்றி மஞ்சள் கோடு வந்து நின்றது. அங்கே பதினேழு நடந்துகொண்டிருக்கிறான். கடைசி உத்தரவு நேராகப் போ என்பதுதான். வேறு உத்தரவு கொடுக்க அவளிடம் விண்டோ இல்லை.

நாற்பத்தாறு. எண்ணிக்கையை மட்டும் அவள் வாய் விடவில்லை.

"சார்! பதினேழு சுவர்மேல இருக்காரு!"

பிரேம்நாத் நாற்காலி கவிழ ஓடிவந்தான். "நிறுத்துங்க!"

"எதைத் தொட்டு நிறுத்தறது? சிவப்புக் கட்டம் அந்தத் திரையில இருக்கு!"

அவன் போனை எடுத்துக் குவாரி மேஸ்திரி முனிரத்தினத்துக்கு அடித்தான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. கிரஷர் ஓடும்போது முனிரத்தினத்துக்கு இடி விழுந்தாலும் கேட்காது. ஐம்பத்து மூன்று. போனை மேசைமேல் போட்டுவிட்டு அவன் கீழே குனிந்து திரையின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். யூ.பி.எஸ். வரை இழுத்தான். ஒரு முழம் எட்டவில்லை. "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்! எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்க?" என்று அலமாரியைக் குடைந்தான்.

ஐம்பத்தெட்டு. தவமணி ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேபை ஒரு தட்டு தட்டினாள். ஐந்தாம் நம்பரைச் சுற்றியிருந்த மஞ்சள் மறைந்தது. லேப்டாப்பில் எங்கும் மஞ்சள் இல்லை. அப்படியானால் அது அந்தக் கறுப்புக்குள் போயிருக்கிறது. பதினேழிடம்தான் போயிருக்கும். கடைசியாகத் தொட்டது அவனைத்தான். போயிருக்க வேண்டும்.

அறுபத்து மூன்று.

"ஆல்ட், ஸ்பேஸ், எம்!" அலமாரிக்குள்ளிருந்து பிரேம்நாத் கத்தினான். "விண்டோவை இந்தப் பக்கம் இழுங்கக்கா! கண்ணால பாத்துட்டுத் திருப்புங்க!"

அவள் விரல்கள் அந்தப் பொத்தான்கள் மேலே போய்விட்டன. ஸ்பேஸ் பாரைத் தொட்டுவிட்டன. அமுக்கவில்லை.

பட்டியல் திறந்ததா என்று பார்த்துவிட்டு அமுக்கச் சொன்னான். திறந்தாலும் அந்த இருட்டில்தானே திறக்கும்? திறந்திருந்தால் இடது அம்பு விண்டோவை இழுத்துவரும். திறக்காவிட்டால் இடது அம்பு மாதேசைத் திருப்பும். அறுபத்தேழாவது அடியில் இடது பக்கம் இருப்பது எண்பது அடி ஆழம். வலது அம்பை அமுக்கினால் பச்சைத் தண்ணீர். அறுபது கிலோவைக் கட்டிக்கொண்டு மிதக்க முடியாது. கீழ் அம்பை அமுக்கினால் அவன் திரும்பி, பின்னால் சுமையோடு வரும் மூன்று பேர்மேல் மோதுவான். ஆறடி அகலத்தில் நாலு பேரும் நிற்க முடியாது.

எழுபத்திரண்டு.

"என்னக்கா பண்றீங்க? இழுங்க!"

"பேசாதீங்க சார். எண்ணிக்கை தப்பிடும்."

அவள் எல்லா விரலையும் எடுத்தாள். வலது கை ஆட்காட்டி விரலை மட்டும் இடது அம்பின்மேல் வைத்தாள். படாமல் வைத்தாள். அது தானாக அமுங்கிவிடாமல் இடது கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வியர்வை கண்ணில் இறங்கியது. கண்ணை மூடினாள். எப்படியும் பார்க்க ஒன்றும் இல்லை. மூடினதும் அவள் காலுக்கடியில் சுவர் வந்தது. தொட்டியின் பட்டை தோளை அறுத்தது. கல் சுமக்கும் ஆள் எழுபதுக்கு மேல் கொஞ்சம் மெதுவாக நடப்பான், மூச்சு வாங்கும். அதையும் சேர்த்து எண்ணினாள். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடைத்துவிட்டது போல. பிரேம்நாத் மேசைக்கடியில் புகுந்தான். சாமி விளக்கின் பிளக்கில் கை வைத்து, ஒரு நொடி தயங்கினான். அந்தத் தயக்கத்தை அவள் மூடின கண்ணோடு கேட்டாள். பிறகு பிடுங்கினான். எண்பத்து மூன்று.

திரையில் பச்சைப் புள்ளி வந்தது. சிக்னல் தேடுகிறது என்று எழுத்து வந்தது.

"வந்துடுச்சு, வந்துடுச்சு, இருங்க, படம் வரட்டும்!"

எண்பத்தாறு.

"பத்து செகண்டுக்கா!"

எண்பத்தேழு. பத்து செகண்டு கிடையாது. எண்பத்தெட்டு. அவளுக்கு இன்னும் ஒரு அடி விட்டு, தொண்ணூறில் அமுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அவள் உடம்புக்குப் பன்னிரண்டு வருசமாக ஒன்றுதான் தெரியும்.

எண்பத்தொன்பது. அமுக்கினாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் தெரியவில்லை. வெளியே பைபாஸில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிரேம்நாத் தரையில் உட்கார்ந்தபடி திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தவமணி எண்ணுவதை நிறுத்தவில்லை. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று என்று சொல்ல வாய் வரவில்லை.

திரை வெளுத்தது. நாலு விண்டோவும் வந்தன. பதினேழின் விண்டோவில் மண் சரிவு, பழைய டயர்களை அடுக்கிய ஓரம், கீழே லாரி. படம் அடிக்கு அடி குலுங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மூன்று விண்டோக்களிலும் முன்னால் போகிறவனின் முதுகு. அவள் சிவப்புக் கட்டத்தைத் தொட்டாள். நாலு பேரும் நின்றார்கள்.

தவமணி எழுந்துபோய்க் கழிவறையில் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்தபோது பிரேம்நாத் இன்னும் தரையிலேயே இருந்தான். முருகன் படம் இருட்டாக இருந்தது.

"எம்.டி.கிட்ட சொல்லாதீங்கக்கா," என்றான்.

எதைச் சொல்லக் கூடாது என்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆறரைக்குக் கம்பெனி வேன் மாதேசை முக்கில் இறக்கிவிட்டது. அவள் வாசலிலேயே நின்றாள். நடந்து வருகிறவனின் காலையே பார்த்தாள். அவன் வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தான். வேனில் டிரைவர் ஒரே பாட்டை நாலு தடவை போட்டானாம். பாலத்துக்குக் கீழே ஒரு கழுதை குட்டி போட்டிருக்கிறதாம். பேசிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தான். சோற்றைத் தானே பிசைந்தான். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தான்.

நடந்ததை அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் வரும் வழியெல்லாம் முடிவு பண்ணி வைத்திருந்தாள். தூங்கினவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

"இன்னிக்கு நசீமா பொண்ணு வரலையா?" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"மத்தியானமே போயிடுச்சு. பிள்ளைக்கு ஜுரமாம்." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. "உனக்கு யாரு சொன்னாங்க மாமா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

மாதேசு ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினான். பேசிப் பேசி ஓயாதவன் இப்போது வார்த்தைக்கு வார்த்தை நின்றான்.

"எண்பத்தொன்பதுல திருப்பின," என்றான். "அந்தப் பொண்ணு தொண்ணூறுல திருப்பும். சில நாள் தொண்ணூத்தொண்ணு. எண்பத்தொன்பதுல திரும்பறவ உலகத்துல ஒருத்திதான்."

தவமணி அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எண்ணினியா?"

"எண்ணாம? கால் போவுதில்ல."

"தூக்கம்?"

"முதல் நாள் ஒரு மணி நேரம் தூங்கினன். அப்புறம் இல்ல. உடம்பு நம்ம பேச்சைக் கேக்காது, அவ்வளவுதான். கண்ணைக்கூட மூட முடியாது. வெயில் தெரியும். வலி தெரியும். தோள்ல பட்டை அறுக்கறது தெரியும். கத்தலாம்னா வாய் வராது."

"மூணு வருசமாவா மாமா?"

"மூணு வருசமா."

"மத்தவங்களும்?"

"கேட்டதில்ல. வேன்ல வரும்போது எல்லாரும் ஒரேயடியாப் பேசிக்கிட்டு வருவோம். ஒருத்தன் பேசறதை இன்னொருத்தன் கேக்கறதில்ல. ஆனா இதை மட்டும் யாரும் பேசறதில்ல." அவன் தண்ணீர் குடித்தான். "தூக்கம் வரலன்னு சொன்னா என்ன சொல்லுவான்? நீ முழிச்சிருக்கற ஆளு, உன்னை வெயில்ல விடச் சட்டம் இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுவான். வேற எந்தக் குவாரில இப்ப ஆள் எடுக்கறாங்க?"

அவள் தன் வலது கை ஆட்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருசம். அவளுடைய நாலு பேர். தலைவலி வந்த நாளில் மத்தியானம் டீ குடிக்கப் போகும்போது அவர்களை வெயிலிலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். ஐந்தாம் நம்பர் கையில் ஒருதரம் கல் விழுந்து விரல் நசுங்கியது. தூங்குகிறான், வலிக்காது என்று மிச்ச லோடையும் அவனை வைத்தே ஏற்றி முடித்தாள்.

"நாற்பது கிட்ட வரும்போது என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது," என்றான் மாதேசு. "நசீமா புழுதி வந்தா நிறுத்தி நிறுத்தி ஓட்டும். இன்னிக்கு நிக்கவே இல்ல. அறுபது ஆச்சு. எண்பது ஆச்சு. எண்பத்தஞ்சு. சரி, இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சன். அப்பத்தான் ஒரு அடி முன்னாடியே கால் திரும்பிச்சு." அவன் அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "பயந்தாங்கொள்ளின்னு கத்தணும்போல இருந்துச்சுடி."

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறன். கலெக்டர்கிட்ட போறன்."

"போனா எட்டு பேருக்கும் அடுப்பு எரியாது. உனக்கும் சேர்த்து." அவன் அவள் தலையில் கை வைத்தான். "ஒண்ணு பண்ணு. நாளையிலிருந்து என்னை நீயே ஓட்டறன்னு கேளு. உள்ள இருக்கறப்ப, யாரு நடத்தறாங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் பரவாயில்ல."

மறுநாள் காலை அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது திரை அவள் மேசையிலேயே இருந்தது. அதன் ஒயர் யூ.பி.எஸ்.ஸில். சாமி விளக்குக்குப் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார்கள்.

"நேத்து எட்டு பேரையும் ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கீங்க, ரிப்போர்ட்டைப் பாத்து எம்.டி.க்கு ரொம்ப சந்தோசம்," என்று பிரேம்நாத் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இனிமே எட்டும் உங்களுக்கே. நசீமாவை வேற செக்ஷனுக்கு மாத்திட்டாங்க."

இரண்டு திரையிலும் எட்டு விண்டோ. எட்டிலும் வெயில். கண்ணை மூட முடியாத எட்டு பேர் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐந்தாம் நம்பரின் நசுங்கின விரல் கையுறைக்குள் கோணலாகத் தொங்கியது. தவமணி மவுஸை லேப்டாப்பின் வலது ஓரத்துக்குத் தள்ளினாள். அம்பு விளிம்பில் மறைந்து, அந்தப் பக்கம் முளைத்தது. பதினேழைச் சுற்றி மஞ்சள் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவனுக்குக் கேட்கும்படி சொல்ல எந்தத் திரையிலும் எந்தப் பொத்தானும் இல்லை.

"ஆரம்பிக்கலாம்க்கா," என்றான் பிரேம்நாத். "எட்டு பேரும் தூங்கிட்டாங்க."

அவள் மேல் அம்பை அமுக்கினாள். வெள்ளைக் கல் வந்து பின்னால் போனது.

"ஒண்ணு," என்றாள், வாய்விட்டு. "ரெண்டு. மூணு."

"யார்கிட்டக்கா பேசறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார்," என்றாள் தவமணி, விண்டோவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "தூங்கறவங்ககிட்ட யாராவது பேசுவாங்களா? நாலு. அஞ்சு."